கம்பி நீட்டியவரும் கம்பியில்லாத் தந்தியும்

1910 ஜூலை மாதக் கடைசி. கனடாவை நோக்கி வட அட்லாண்டிக்கில் போய்க்கொண்டிருக்கிறது மான்ட்ரோஸ் என்ற கப்பல். அதன் மேல்தளத்தில் குள்ளமான ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். மீசையை எடுத்துவிட்டார், தாடி இப்போதுதான் முளைக்கிறது. பயணிகள் பட்டியலில் அவர் பெயர் ஜான் ராபின்சன், கூட வந்திருப்பது மகன். தலைக்கு மேலே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் இழுத்துக் கட்டிய கம்பிகள். உள்ளே ஒரு சின்ன அறையிலிருந்து மின்பொறி படபடவென்று வெடிக்கிற சத்தம். என்ன அற்புதமான கண்டுபிடிப்பு இது என்று அவர் தன்னிடம் வியந்ததாகக் கப்பலின் கேப்டன் பின்னாளில் சொன்னார்.

அந்தப் படபடப்பு அவரைப் பற்றித்தான். லண்டனில், பாரிஸில், நியூயார்க்கில் காலைப் பேப்பர் படிக்கிற அத்தனை பேருக்கும் அவர் எங்கே இருக்கிறார், எந்தக் கப்பலில், யாரோடு என்பதெல்லாம் தெரியும். அவரைத் துரத்தி இன்னொரு கப்பல் வருவதும் தெரியும். அந்த விவரம் தெரியாமல் இருந்த இரண்டே பேர், அந்த ராபின்சனும் மகன் வேஷத்தில் இருந்த பெண்ணும்தான்.

ஆளின் உண்மைப் பெயர் ஹாலி ஹார்வி கிரிப்பன். 1862இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். ஹோமியோபதி படித்துவிட்டு, மருத்துவம் பார்த்ததை விட மருந்துக் கம்பெனிக்கு விளம்பரமும் வியாபாரமும் பார்த்ததே அதிகம். பேப்பரில் பெரிய விளம்பரம், தபாலில் மாத்திரை என்று ஓடிய அந்தக் காலத்து வியாபாரம் அது, இன்றைக்கு டிவியில் ஓடும் மூட்டுவலித் தைல விளம்பரங்களின் கொள்ளுத்தாத்தா. அந்தக் கம்பெனி வேலையாகத்தான் லண்டன் வந்தார். மனைவி கோரா, மேடைப் பெயர் பெல் எல்மோர். பெரிய பாடகியாக ஆசைப்பட்டார், ஆகவில்லை. ஆனால் லண்டன் மேடைக் கலைஞர்கள் மத்தியில் நல்ல செல்வாக்கு, மியூசிக் ஹால் பெண்கள் சங்கத்தின் பொருளாளர். அவருக்கு நண்பர்கள் நிறைய என்பதைக் கிரிப்பன் சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

1910 ஜனவரி 31 இரவு, ஹில்ட்ராப் கிரெசன்ட் 39ஆம் எண் வீட்டில் ஒரு தம்பதியை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் விடைபெற்றுப் போன பிறகு கோராவை வெளியாள் யாரும் பார்க்கவில்லை. அமெரிக்காவுக்குப் போயிருக்கிறாள் என்றார் கிரிப்பன். அப்புறம் உடம்பு சரியில்லை என்றார். அப்புறம் கலிபோர்னியாவில் இறந்துவிட்டாள் என்று நாடகப் பத்திரிகையில் மரண அறிவிப்பே கொடுத்தார். இதற்கு நடுவிலேயே, அவரிடம் டைப்பிஸ்டாக இருந்த எத்தல் லெ நீவ் கோராவின் நகையைப் போட்டுக்கொண்டு பெண்கள் சங்கத்தின் விருந்துக்கே கிரிப்பனோடு வந்தார்! மார்ச்சில் அந்த வீட்டுக்கே குடிவந்துவிட்டார். தோழிகளின் கண்ணில் இது படாமல் போகுமா? அவர்கள் துருவித் துருவி விசாரித்தார்கள், ஜூன் கடைசியில் விஷயம் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது.

வந்தவர் தலைமை இன்ஸ்பெக்டர் வால்டர் டியூ. இளவயதில் ஜாக் தி ரிப்பர் வழக்கில் ஓடியாடியவர். ஜூலை 8ஆம் தேதி கிரிப்பனிடம் பேசினார். கிரிப்பன் கொஞ்சமும் பதறாமல், நான் சொன்னதெல்லாம் பொய்தான், மனைவி ஒருவனோடு ஓடிவிட்டாள், அவமானத்தில் செத்துவிட்டதாகச் சொன்னேன் என்றார். டியூ அதை ஏறக்குறைய நம்பிவிட்டார். இருவரும் சேர்ந்து மதியச் சாப்பாடு கூடச் சாப்பிட்டார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது நிலவறையிலும் எட்டிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. கிரிப்பன் பேசாமல் அடுத்த நாள் வேலைக்குப் போயிருந்தால் இந்த வழக்கு அங்கேயே நீர்த்துப்போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதுதான் நடந்தது. ஜூலை 9ஆம் தேதி எத்தலுக்குப் பையன் உடை வாங்கி மாட்டி, இருவரும் கம்பி நீட்டிவிட்டார்கள். 11ஆம் தேதி, ஏதோ ஒன்றிரண்டு விவரம் சரிபார்க்கலாம் என்று திரும்பி வந்த டியூ, ஆள் இல்லை என்றதும்தான் விழித்துக்கொண்டார். 13ஆம் தேதி நிலக்கரி போட்டு வைக்கும் நிலவறையில் செங்கல்லைப் பெயர்த்தபோது மனித உடலின் பாகங்கள் கிடைத்தன. தலை இல்லை, கை கால் இல்லை, எலும்பே இல்லை. அவை கடைசி வரை கிடைக்கவும் இல்லை.

இங்கே கொலைக் கதையை நிறுத்திவிட்டு, கப்பல் மேல் கட்டியிருந்த அந்தக் கம்பிகளிடம் வருகிறேன்.

குலியெல்மோ மார்க்கோனி 1874இல் இத்தாலியின் பொலோன்யாவில் பிறந்தவர். அம்மா அயர்லாந்துக்காரர், ஜேம்சன் விஸ்கி குடும்பம். பல்கலைக்கழகப் பட்டமெல்லாம் இல்லை. மின்காந்த அலைகள் இருப்பதை ஹெர்ட்ஸ் 1880களின் கடைசியில் காட்டியிருந்தார். அலை பட்டால் கண்ணாடிக் குழாய்க்குள் உள்ள உலோகத் துகள்கள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும் என்பதை பிரான்ஸின் பிரான்லி கண்டிருந்தார். இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜும், கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸும் இந்த அலைகளை வைத்து மேடையிலேயே வேடிக்கை காட்டியிருந்தார்கள். அதாவது சாமான் எல்லாம் ஏற்கனவே கடையில் இருந்தது. இதைச் செய்தி அனுப்பும் தொழிலாக்கியே தீருவேன் என்று பிடிவாதமாக நின்றவர் மார்க்கோனி. 1895இல் வீட்டுத் தோட்டத்திலிருந்து அனுப்பிய சைகை குன்றுக்கு அந்தப் பக்கம் கிடைத்ததும் அண்ணன் துப்பாக்கியால் சுட்டுத் தெரிவித்தார். 1896இல் லண்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், அடுத்த வருடம் கம்பெனி. 1901 டிசம்பர் 12, இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய மோர்ஸ் தந்திக் குறியீட்டின் மூன்று புள்ளிகளை, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நியூபவுண்ட்லாந்தில் பட்டம் விட்டு அதில் கம்பி கட்டிக் கேட்டதாக அறிவித்தார்.

கேட்டது யார்? மார்க்கோனியும் அவர் உதவியாளரும். காகிதத்தில் பதிவு எதுவும் இல்லை, காதில் கேட்டது மட்டும்தான். இதை நம்பாதவர்கள் அன்றைக்கே நிறைய, இன்றைக்கும் உண்டு. பகல் வெளிச்சத்தில் அந்த அலைநீளம் அவ்வளவு தூரம் போயிருக்குமா என்று பொறியாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம்பாமை ஒரு பக்கம் என்றால், ரகசியமின்மை இன்னொரு பக்கம். கம்பித் தந்தியில் செய்தி கம்பிக்குள்ளேயே போகும், ஒட்டுக்கேட்க வேண்டுமானால் கம்பியைத் தொட்டாக வேண்டும். மின்பொறியில் கிளம்பும் அலையோ கோயில் மணி மாதிரி. இன்னார் காதுக்கு மட்டும் என்று அடிக்க முடியாது, ஊருக்கே கேட்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அடித்தால் இரண்டும் குழம்பும். அனுப்பும் கருவியையும் வாங்கும் கருவியையும் ஒரே அலைநீளத்துக்குப் பொருத்தும் தன் இசைவிப்பு முறையால் இதைத் தீர்த்துவிட்டேன், யாரும் குறுக்கிட முடியாது என்று மார்க்கோனி சொல்லிக்கொண்டே இருந்தார். 1903 ஜூன் மாதம் லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவருடைய ஆலோசகர் பேராசிரியர் பிளெமிங் ஒரு விளக்கக் கூட்டம் நடத்தினார். தூரத்திலிருந்து மார்க்கோனியின் செய்தி வரப்போகிறது. அதற்கு முன்னாலேயே கருவி தானாகத் தட்ட ஆரம்பித்தது. என்னவென்று பார்த்தால் "எலிகள், எலிகள்" என்று ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப, அப்புறம் இத்தாலிக்கார இளைஞன் ஒருவன் ஊரை நன்றாக ஏமாற்றினான் என்று ஒரு கிண்டல் பாட்டு! செய்தவர் நெவில் மாஸ்கலின், மந்திரவாதிக் குடும்பத்துப் பிள்ளை, கம்பியில்லாத் தந்தியிலும் கைதேர்ந்தவர். கடலடிக் கேபிள் கம்பெனிக்காக மார்க்கோனியின் செய்திகளை முன்பே ஒட்டுக்கேட்டிருந்தவர். பிளெமிங் கொதித்துப்போய் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுத, மாஸ்கலின் நான்தான் செய்தேன் என்று அதே பத்திரிகையில் பதில் எழுதினார். இன்றைக்கு ஹேக்கிங் என்கிறோமே, அதன் முதல் பெரிய நிகழ்ச்சி இது என்று பலர் சொல்வதுண்டு, எனக்கும் ஆட்சேபம் இல்லை.

சரி, 1909இல் ரிபப்ளிக் என்ற கப்பல் மோதிச் சேதமானபோது கம்பியில்லாத் தந்தியால் நூற்றுக்கணக்கான உயிர்கள் தப்பின. அதே வருடம் மார்க்கோனிக்கு நோபல் பரிசும் கிடைத்தது, ஜெர்மனியின் பிரவுனோடு பங்கு போட்டு. ஆனாலும் சாதாரண ஜனங்களுக்கு இது கப்பல்காரர்கள் சமாச்சாரம். பணக்காரப் பயணிகள் நடுக்கடலிலிருந்து வாழ்த்து அனுப்புகிற ஆடம்பரம். தினமும் காலையில் எழுந்ததும் இதைப் பற்றித் தெரிந்துகொள்ளத் துடிக்க வைத்தது நோபல் பரிசு அல்ல, ஹில்ட்ராப் கிரெசன்ட் நிலவறைதான்.

கிரிப்பனும் எத்தலும் பிரஸ்ஸல்ஸில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, ஜூலை 20ஆம் தேதி ஆண்ட்வெர்ப்பில் மான்ட்ரோஸ் ஏறினார்கள். கேப்டன் ஹென்றி கெண்டல் பேப்பரில் படம் பார்த்திருந்தார். அவரே பிறகு விவரித்தபடி, அப்பாவும் மகனும் கையைக் கோத்துக்கொண்ட விதம் முதலில் உறுத்தியது. பையனின் கால்சட்டை பின்னால் ஊக்குப் போட்டு இழுத்துப் பிடிக்கப்பட்டிருந்தது. அப்பாவின் மூக்கில் கண்ணாடி போட்டுப் போட்டு விழுந்த தடம் இருந்தது, ஆனால் கண்ணாடி இல்லை. பேப்பரில் இருந்த படத்தில் சாக்கட்டியால் மீசையையும் கண்ணாடியையும் அழித்துப் பார்த்தார், ஆள் அப்படியே ராபின்சன். பின்னால் நின்று "மிஸ்டர் ராபின்சன்" என்று கூப்பிட்டால் சட்டென்று திரும்பவில்லை. கெண்டல் கதை சொல்வதில் ஆர்வமுள்ளவர், சொல்லச் சொல்லக் கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனால் 22ஆம் தேதி அவர் அனுப்பிய தந்தியில் மெருகு எதுவும் இல்லை: லண்டன் நிலவறைக் கொலைகாரன் கிரிப்பனும் கூட்டாளியும் பயணிகளில் இருப்பதாகப் பலத்த சந்தேகம், மீசை எடுத்திருக்கிறான், தாடி வளர்க்கிறான், கூட்டாளி பையன் உடையில், நடை உடல்வாகு சந்தேகமில்லாமல் பெண்.

அனுப்பிய நேரத்தைக் கவனிக்க வேண்டும். மான்ட்ரோஸின் கருவிக்கு வீச்சு சுமார் 150 மைல்தான். செய்தி கிளம்பியபோது கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள லிசர்ட் முனையிலிருந்து சுமார் 130 மைல் தள்ளி மேற்கே போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தால் கரையை எட்டியிருக்காது, வழியில் வேறு கப்பல் ஏதாவது வாங்கிக் கடத்தினால்தான் உண்டு. கிரிப்பன் செய்த தவறுகளில் இதை நான் சேர்க்கமாட்டேன், இது வெறும் துரதிர்ஷ்டம். மூன்றாம் வகுப்புக் கூட்டத்தில் கலக்காமல் கேப்டன் கண்ணில் தினமும் படுகிற வகுப்பில் பயணம் செய்தது தவறு. அதைவிடப் பெரிய தவறு கனடாவைத் தேர்ந்தெடுத்தது. அவர் அமெரிக்கக் குடிமகன். நேராக நியூயார்க் போயிருந்தால் ஒப்படைப்பு வழக்கு, மேல்முறையீடு என்று இழுத்திருக்கலாம். கனடா பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட பூமி.

டியூ 23ஆம் தேதி லிவர்பூலில் லாரென்டிக் கப்பல் ஏறினார். மூன்று நாள் தாமதம்தான், ஆனால் லாரென்டிக் வேகமானது, வழியிலேயே முந்திவிடும். பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு கப்பல்களும் இன்றைக்கு எங்கே என்று வரைபடம் போட்டார்கள். கெண்டலே கப்பலில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று விரிவாகச் செய்தி அனுப்பினார். அந்த இருவர் கையில் கிடைத்துவிடக் கூடாது என்று கப்பலில் இருந்த ஆங்கிலப் பேப்பர்களை எல்லாம் சேகரித்து ஒளித்தும் வைத்தாராம். யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதுதான் கம்பியில்லாத் தந்தியின் பெரிய குறை என்று அத்தனை வருடம் மார்க்கோனியைக் குத்திக்காட்டினார்கள் இல்லையா, அந்தக் குறைதான் இந்தப் பத்து நாளும் உலகத்துக்கே தொடர்கதை போட்டது. ஒரு கதவுக்கு அப்பால் ஆபரேட்டர் காதில் வந்து விழுந்துகொண்டிருந்தது ராபின்சனுக்கு மட்டும் கேட்கவில்லை.

தப்பி ஓடுகிறவனைத் தந்தி முந்துவது இது முதல் தடவை இல்லை. 1845 புத்தாண்டு தினத்தில் ஜான் டாவல் என்பவர் ஸ்லவ் ஊரில் ஒரு பெண்ணுக்கு விஷம் வைத்துவிட்டு ரயிலேறினார். ஸ்டேஷனில் அப்போதுதான் புதிதாக வந்திருந்த கம்பித் தந்தி ரயிலை முந்திக்கொண்டு லண்டன் பாடிங்டனுக்குச் செய்தி சொன்னது. அவர் குவேக்கர் மதப்பிரிவினர் உடையில் இருந்தார், தந்திக் கருவியிலோ அந்த வார்த்தையின் முதல் எழுத்தே கிடையாது, ஆங்கிலத்தின் 26 எழுத்தில் 20தான் அதில் உண்டு. வேறு எழுத்தைப் போட்டுத் தப்பும் தவறுமாக அனுப்பினார்கள், அந்தப் பக்கம் புரிந்துகொள்ளக் கொஞ்சம் திணறினார்கள், ஆனாலும் பிடித்துவிட்டார்கள். அப்புறம் ரயிலில் போகிறவர்கள் தண்டவாளத்து ஓரக் கம்பிகளைக் காட்டி, டாவலைத் தூக்கில் போட்ட கயிறு அதுதான் என்று சொல்வார்களாம். நம் ஊரில் தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று பதறிய தலைமுறைக்கு இது நன்றாகவே புரியும்.

ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை காலை. செயின்ட் லாரன்ஸ் நதி முகத்தில் ஃபாதர் பாயின்ட் என்ற இடத்தில் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டுகள் ஏறுவார்கள். அவர்கள் உடையில் டியூ ஏறினார். குட் மார்னிங் டாக்டர் கிரிப்பன், என்னைத் தெரிகிறதா என்று கேட்டார். அப்பாடா, முடிந்தது, காத்திருந்ததுதான் தாங்க முடியவில்லை என்கிற மாதிரி கிரிப்பன் பதில் சொன்னார்.

அக்டோபரில் லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் ஐந்து நாள் விசாரணை. அதில் கம்பியில்லாத் தந்திக்கு வேலையே இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கிரிப்பன் ஜனவரியில் ஒரு மருந்துக்கடையில் ஐந்து கிரெயின் ஹயோசின் வாங்கியிருந்தார், அரை கிராமுக்கும் குறைவு, ஆனால் அது பல பேருக்குப் போதும். நம் ஊமத்தையில் இருக்கிற நஞ்சுகளில் ஒன்றுதான் அது. நிலவறையில் கிடைத்த சதையிலும் ஹயோசின் இருந்தது என்றார் அரசுத் தரப்பு வேதியியலாளர் வில்காக்ஸ். வயிற்றுத் தோலில் இருந்தது கோராவின் பழைய அறுவை சிகிச்சைத் தழும்பு என்றார் பெர்னார்ட் ஸ்பில்ஸ்பரி, இந்த ஒரே வழக்கால் புகழின் உச்சிக்குப் போன மருத்துவர். கிரிப்பன் தரப்பு வாதம், நாங்கள் 1905இல் குடிவருவதற்கு முன்பே அது அங்கே இருந்திருக்கலாம் என்பது. அதை உடைத்தது ஒரு பைஜாமாச் சட்டை. உடலோடு கிடந்த அந்தத் துணியின் சீட்டில் கடைப் பெயரோடு 'லிமிடெட்' என்று இருந்தது, அந்தக் கடை லிமிடெட் கம்பெனி ஆனதே 1906இல்! ஜூரி 27 நிமிடத்தில் முடிவு சொன்னது. நவம்பர் 23ஆம் தேதி பென்டன்வில் சிறையில் தூக்கு. எத்தல் தனி வழக்கில் விடுதலையானார், 1967 வரை வாழ்ந்தார்.

2007இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஃபோரான் குழு, ஸ்பில்ஸ்பரி கண்ணாடித் தகட்டில் வைத்திருந்த திசுவைச் சோதித்து, அதன் டிஎன்ஏ கோராவின் உறவினர்களோடு பொருந்தவில்லை, அது ஆணின் திசு என்றே சொன்னது. நூறு வருடப் பழைய தகடு, பல கை பட்டது, வம்சாவளியைச் சரியாகத் தேடினார்களா என்றெல்லாம் எதிர்க்கேள்விகள் உண்டு. 2009இல் பிரிட்டனில் வழக்கை மறுபடி திறக்க மறுத்துவிட்டார்கள். என் பிரச்சினை எளிமையானது. உலகமே பேசிய அந்தச் செய்தி கோரா உயிரோடு எங்கே இருந்திருந்தாலும் காதில் விழுந்திருக்கும். கணவனைத் தூக்குக்கு அனுப்பிவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று நம்ப வேண்டும் என்றால், அவ்வளவு வெறுப்புக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். அந்த உடல் கோராவுடையது இல்லை என்றே வைத்துக்கொள்வோம், அப்போது அது யாருடையது, கிரிப்பன் வீட்டு பைஜாமாவோடு எப்படி அங்கே போனது?

கேப்டன் கெண்டலுக்கு 250 பவுண்டு சன்மானம் கிடைத்தது. நான்கு வருடம் கழித்து, 1914 மே 29 அதிகாலை, அதே செயின்ட் லாரன்ஸில், அதே ஃபாதர் பாயின்ட் பக்கத்தில், எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து என்ற கப்பல் பனிமூட்டத்தில் நார்வே நாட்டு நிலக்கரிக் கப்பல் ஒன்றோடு மோதியது. எம்ப்ரஸின் கேப்டன் கெண்டல். கிரிப்பன் விட்ட சாபம் என்று அப்புறம் ஒரு கதை கட்டினார்கள், அதை விட்டுவிடலாம். உதவி கேட்டு எம்ப்ரஸிலிருந்து போன செய்தி ஃபாதர் பாயின்ட் மார்க்கோனி நிலையத்தில் உடனே கேட்டது, படகுகள் கிளம்பின. கப்பல் 14 நிமிடத்தில் மூழ்கிவிட்டது. செத்தவர்கள் 1,012 பேர். தண்ணீரிலிருந்து தூக்கியெடுக்கப்பட்டுப் பிழைத்தவர்களில் ஒருவர் கெண்டல்.